ஹெர்ஷல் வரைந்த முகில்

சித்திரை மாதத்து அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஒன்பது மணி சுமாருக்கு, தெற்குப் பக்கம் மறைப்பில்லாத ஓரிடத்தில் நின்று நீங்கள் அடிவானத்தைப் பார்த்ததுண்டா? கடற்கரையாக இருந்தால் நல்லது. ஊர் விளக்கு எட்டாத வயல்வெளியாக இருந்தாலும் போதும். இடக்கைப் பக்கம் திரிசங்கு எனப்படும் தென்சிலுவை எழும்பிக்கொண்டிருக்கும். வலக்கைப் பக்கம் அகத்திய விண்மீன் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் (கையை நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்த சாணைச் சொல்கிறேன்), பால்வழி மண்டலத்தின் ஒரு திட்டு மட்டும் சற்றுத் தடித்துத் தெரியும். அதுதான் கரீனா நெபுலா. தென் வானத்தின் ஒளிமுகில்களில் இதற்கு மிஞ்சியது இல்லை. வானத்தில் இது அடைக்கும் இடம், நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்தால் அடைக்கும் நீளம்.

வட இங்கிலாந்தில் இருப்பவர் இதை ஆயுள் முழுதும் தம் ஊரிலிருந்து பார்க்க முடியாது. மதுரைக்காரர் பார்க்கலாம், அங்கே இது இருபது டிகிரி உயரம் வரை ஏறும். கன்னியாகுமரியில் இன்னும் இரண்டு டிகிரி கூடும். சென்னையில் மூன்று டிகிரி குறையும். வேணு பாப்பு தம் வானாய்வு நிலையத்தைக் காவலூர் மலைக்காட்டில் அமைத்தபோது, அங்கிருந்து தென் வானம் நன்கு தெரியும் என்பதையும் கருத்திற் கொண்டார் என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் இரவில் என் தமக்கை மகனை அழைத்துச் சென்றேன். ஏழு மடங்கு பெருக்கும் சாதாரணப் பைனாகுலரும், மூன்று அங்குல வில்லைத் தொலைநோக்கியும் கையில் இருந்தன. அரைமணி நேரம் இருளில் உட்கார வைத்துக் கண்ணைப் பழக்கி, பிறகு காட்டினேன். சிறிது நேரம் பார்த்தான். "மாமா, இவ்வளவுதானா?" என்றான்.

அந்தக் கேள்வியில் குற்றமில்லை. அவன் படிக்கும் அறையின் சுவரில் அதே நெபுலாவின் ஒரு மூலை, ஒரு நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று வெளியிடப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் அது. செம்பழுப்பு மலைத்தொடர் போல் எழும் தூசு, அதற்கு மேல் நீல வானம் போல் ஒரு வெறுமை, எங்கும் விண்மீன்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு என் தொலைநோக்கியில் தெரிந்தது சாம்பல் நிறக் கறை. கோலமாவு சிந்திய இடத்தைக் காலால் தேய்த்துவிட்டது போல. அவன் ஏமாந்ததில் வியப்பென்ன?

ஏமாற்றியது யார் என்பதுதான் கேள்வி. வானமா, தொலைநோக்கியா, படமா? இதற்கு விடை தேட, நான் வேறொரு படத்தை உங்கள் முன் வைத்து மதிப்பிட விரும்புகிறேன். இதே நெபுலாவை 1830களில் சர் ஜான் ஹெர்ஷல் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். நன்னம்பிக்கை முனையில் தாம் செய்த வானாய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து அவர் 1847இல் வெளியிட்ட பெருநூலில் அந்தப் படம் இருக்கிறது. புகழாத வரலாற்றாசிரியர் இல்லை. ஆனால் புகழ்ச்சியைத் தள்ளி வைத்து, 'இது நல்ல படமா? வானத்தைப் பார்க்கப் போகிறவனுக்கு இது உதவுமா?' என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில் வெப் படத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அது பொய்ப் படம் அன்று. ஆறரை மீட்டர் ஆடி திரட்டிய அகச்சிவப்புக் கதிர்களின் பதிவு. அந்தக் கதிர்களுக்கு நம் கண் அறியும் நிறம் எதுவும் கிடையாது; ஆகவே குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு என்று முறையாக வண்ணம் ஒதுக்கினார்கள். ஊர்ப் படத்தில் ஆற்றுக்கு நீலமும் சாலைக்குச் சிவப்பும் தீட்டுவது போன்ற ஏற்பாடு இது. வெளியிட்டவர்கள் இதை மறைக்கவும் இல்லை. மறைத்தவர்கள், படத்தை மட்டும் எடுத்து விளக்கத்தை விட்டுவிட்டு அச்சிட்ட பத்திரிகைகள். வெப் படம் அந்த மலைத்தொடரின் உயரத்தைச் சொல்கிறது (அதன் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ ஏழு ஒளியாண்டு). தூசுக்குள் ஒளிந்திருக்கும் இளம் விண்மீன்களைக் காட்டுகிறது. ஆராய்ச்சியாளருக்கு அது பொக்கிஷம். பார்க்கப் போகிறவனுக்கு மட்டும் அது பயன்படாது. அதில் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

கண்ணுக்கு ஏன் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். நம் விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் உண்டு. கூம்பு வடிவ அணுக்கள் நிறம் அறியும்; ஆனால் அவற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். கோல் வடிவ அணுக்கள் மிக மங்கலான ஒளியையும் உணரும். ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. இருளில் வேலை செய்பவை கோல்கள். நெபுலாவின் ஹைட்ரஜன் வீசும் ஆழ்ந்த சிவப்பு ஒளிக்கு அவை ஏறக்குறைய குருடு. நெபுலாவில் இன்னொரு ஒளியும் உண்டு. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணு வீசும் பசிய ஒளி அது. அதன் அலைநீளம் கோல்கள் மிக நன்றாக உணரும் பகுதிக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஒளிப்படத்தில் செக்கச் சிவந்து தெரியும் முகிலை நாம் சாம்பலாக, மிஞ்சினால் சற்றுப் பசுமை கலந்த சாம்பலாகப் பார்ப்பது இதனால்தான்.

அடுத்த செய்தியைப் பலர் நம்ப மறுப்பார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும், பரந்து விரிந்த ஒரு முகிலின் பரப்பொளியை வெறுங்கண்ணில் தெரிவதற்கு மேல் கூட்டிக்காட்ட முடியாது. கூடுதல் ஒளியைத் திரட்டுகிறது, உண்மை. ஆனால் அதே நேரத்தில் உருவத்தையும் பெருக்குகிறது. திரட்டிய ஒளி பெரிய பரப்பில் பரவிவிடுகிறது. ஒரு கரண்டி மாவைச் சிறு தோசையாக ஊற்றுவதற்கும் ஒரு குவளை மாவைப் பெரிய தோசையாக ஊற்றுவதற்கும் கனத்தில் வேறுபாடு இல்லை அல்லவா? தொலைநோக்கி தருவது பெரிய தோசை. அது சிறிய லாபம் அன்று. பெரிதாகத் தெரிவதால்தான் உள்ளே இருக்கும் இருண்ட பிளவுகளும் விளிம்புகளும் நமக்குப் புலப்படுகின்றன. ஆனால் 'பெரிய தொலைநோக்கி இருந்தால் வண்ணப் படம் போலத் தெரியும்' என்று உங்களிடம் விற்பனைக்காரர் எவரேனும் சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஹெர்ஷலிடம் வருவோம். அவருடைய தந்தை வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டவர். வட வானத்து நெபுலாக்களையெல்லாம் துழாவியவர். மகன் அந்தத் துழாவலைத் தெற்கிலும் செய்து முடிக்க விரும்பி, 1833 நவம்பரில் குடும்பத்தோடு கப்பலேறினார். 1834 ஜனவரியில் கேப் டவுன் சேர்ந்தார். நகருக்கு வெளியே ஃபெல்டவுசன் என்னும் பண்ணை வீட்டில் தம் இருபதடித் தொலைநோக்கியை நிறுத்தினார். இருபதடி என்பது குவியத் தூரம். ஆடியின் விட்டம் பதினெட்டேகால் அங்குலம். ஆடி கண்ணாடியால் ஆனதன்று, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அது விரைவில் மங்கும். ஆகவே மூன்று ஆடிகளைக் கொண்டுபோய், ஒன்று மங்கினால் மற்றொன்றை மாட்டி, மங்கியதைத் தாமே மெருகிட்டார். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரக் கடிகாரப் பொறி எதுவும் அந்தப் பெருங்கருவியில் இல்லை. 1838 மார்ச்சில் ஊர் திரும்பும்போது 1707 நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களும், 2102 இரட்டை விண்மீன்களும் அவர் ஏட்டில் இருந்தன.

இவ்வளவு பெரிய பட்டியலில் ஒரே ஒரு முகிலுக்காக அவர் மாதக் கணக்கில் உழைத்தார். அக்காலத்தில் அதற்கு ஈட்டா ஆர்கஸ் நெபுலா என்று பெயர். ஆர்கோ என்னும் பெரிய கப்பல் உடுத்தொகுதியைப் பின்னர் பிரித்துவிட்டதால், அதன் நடுவில் உள்ள விண்மீன் இன்று ஈட்டா கரீனா எனப்படுகிறது. 1751-52இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலார் அதே கேப் டவுனில் அரை அங்குல வில்லையை வைத்துக்கொண்டு இம்முகிலை முதலில் குறித்தார். ஹெர்ஷலுக்கு முன் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் டன்லப் என்பவர் 629 தென் வானப் பொருள்களின் பட்டியல் வெளியிட்டிருந்தார்; அவற்றில் 211ஐ மட்டுமே தம்மால் காண முடிந்தது என்று ஹெர்ஷல் எழுதுகிறார். சக ஆய்வாளரின் வேலையை இப்படி எண்ணிச் சொல்வது கடுமையான விமர்சனம். அந்தக் கடுமையைத் தம் படத்தின் மீதும் அவர் காட்டினாரா?

வரைந்த முறையைப் பார்த்தால் 'ஆம்' என்றே சொல்லத் தோன்றும். அவர் முகிலை முதலில் வரையவில்லை, விண்மீன்களை வரைந்தார். பிரகாசமானவற்றின் இடங்களை அளந்து குறித்து, அவற்றை இணைத்து முக்கோணங்கள் அமைத்தார். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் அடங்கும் மங்கலான விண்மீன்களைக் கண் மதிப்பாக நிரப்பினார். நில அளவைக்காரர் ஊரை அளப்பதும் இப்படித்தான். இவ்வாறு ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஒரு சிறு வானப் பகுதியில் இடம்பெற்றன. அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் முகிலின் சதையைப் போர்த்தினார். தொலைநோக்கியின் முன் நின்று இதைச் செய்யும்போது, இந்த முடிவற்ற நுணுக்கத்தைத் தாளில் கொண்டுவர முடியுமா என்ற சோர்வு அடிக்கடி வந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தச் சோர்வு எனக்கு மிகவும் பிடிக்கிறது. மூன்று அங்குலக் கருவியோடு பென்சில் பிடித்த எவருக்கும் அது தெரிந்த சோர்வுதான்.

இனி படத்தின் சிறப்பு. நடுவில் எட்டு என்ற எண்ணை நீட்டி வைத்தாற்போல் ஓர் இருண்ட இடைவெளி இருக்கிறது. இன்று சாவித்துளை என்று அழைக்கப்படுவது அதுவே. அதன் ஓரத்தில், முகிலின் அடர்ந்த பகுதியில் ஈட்டா விண்மீன். அங்கிருந்து முகில் கிளை கிளையாகப் பிரிந்து, ஓரிடத்தில் திடீரென நின்று, இன்னோரிடத்தில் நூலாய் இழைந்து முடிகிறது. நான் இந்தப் படத்தின் பிரதியைச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். எந்த ஒளிப்படமும் தராத உதவியை அது தந்தது. 'இந்த விண்மீனுக்கும் அந்த விண்மீனுக்கும் நடுவே இருள் உள்ளே நுழைகிறது, பார்' என்று அது சொல்லுகிறது. பார்த்தால், நுழைகிறது. படம் சொல்லும் வரை என் கண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கண்ணின் மொழியிலேயே சொன்ன படம் இது. நிறம் இல்லை, ஏனென்றால் கண் நிறம் காணவில்லை.

ஆனால் குறையும் பெரிது. அதைச் சொல்லாமல் விடுவது ஹெர்ஷலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தப் படம் காட்டும் வானத்தை எந்த ஒரு நொடியிலும் எந்த ஒரு மனிதனும் பார்த்ததில்லை, ஹெர்ஷலே பார்த்ததில்லை. பல மாதங்களில், பல இரவுகளில், ஆடி புதிதாக மெருகேறியிருந்த இரவிலும் மங்கத் தொடங்கிய இரவிலும், துண்டு துண்டாகக் கண்டவற்றின் கூட்டுத்தொகை இது. எது முதற்பார்வையிலேயே தெரிந்தது, எது ஓர வாக்கில் பார்த்துப் பல இரவு போராடிய பின் தெரிந்தது என்று படத்தில் பிரித்துச் சொல்லவில்லை. உறுதியானதும் ஐயத்துக்குரியதும் ஒரே அழுத்தத்தோடு நிற்கின்றன. சாவித்துளையின் விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருக்கிறது. வானத்தில் அவ்வளவு கூர்மையாக அதை நான் கண்டதில்லை. தாம் கண்ட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற நேர்மையே படத்தைப் பார்ப்பவனைத் தடுமாற வைக்கிறது. சிறு கருவிக்காரன் இதில் பாதியைக் காணமாட்டான். அப்போது அவன் என்ன நினைப்பான்? ஒன்று, தன் கண்ணைச் சந்தேகிப்பான். அல்லது, வானம் மாறிவிட்டது என்பான்.

இரண்டாவது நடந்தது.

டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிரான்சிஸ் அபாட் என்ற கடிகாரக்காரர் இருந்தார். இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டு, கைதியாகக் கப்பலேற்றப்பட்டு, தண்டனை தீர்ந்த பின் அங்கேயே கடை வைத்தவர். சொந்தத் தொலைநோக்கியில் வானைப் பார்த்தவர். 1863இல் அவர் லண்டனுக்கு எழுதினார்: ஹெர்ஷல் படத்தில் அடர்ந்த முகிலுக்குள் இருக்கும் ஈட்டா விண்மீன் இப்போது இருண்ட இடைவெளியில் நிற்கிறது, நெபுலா உருமாறிவிட்டது! ஒரு முகில் முப்பது ஆண்டுகளுக்குள் கண்ணெதிரே உருமாறுகிறது என்றால், அது அந்த நூற்றாண்டின் மாபெரும் செய்திகளில் ஒன்றாக இருக்கும். எட்டு ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 1869இல் நிறுவப்பட்ட மெல்பர்னின் நாற்பத்தெட்டு அங்குலப் பெருந்தொலைநோக்கியில் பார்த்த லெ சூயர் என்பவரும் மாறுதல் உண்டு என்றே எழுதினார். முதியவரான ஹெர்ஷல் தம் படத்துக்காகத் தாமே வாதாட நேர்ந்தது.

இந்த வழக்கில் நம் பக்கத்திலிருந்தும் சாட்சிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த இ. பி. பவல், இரட்டை விண்மீன்களை அளப்பதில் தேர்ந்தவர்; அவர் 1860களில் ஈட்டா ஆர்கஸ் நெபுலாவைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்பினார். இன்னொருவர் ஹெர்ஷலின் சொந்த மகன், பெயரும் ஜான் ஹெர்ஷல்தான். இந்திய நில அளவைத் துறையில் பணியாற்றிய இளம் இராணுவ அதிகாரி. 1868 ஆகஸ்டு 18 அன்று இந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராய லண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய ஐந்து அங்குலத் தொலைநோக்கியும் நிறமாலைநோக்கியும் அவரிடம் இருந்தன. அவற்றைக் கொண்டு பெங்களூரிலிருந்து அவர் தெற்கு நெபுலாக்களைப் பார்த்தார். அங்கே இந்த முகில் அடிவானத்திலிருந்து பதினேழு டிகிரிக்கு மேல் ஏறாது. அவ்வளவு தாழ்வில் பார்த்தும், தந்தையின் படத்தை மறுக்கும்படியான பெரிய மாறுதல் எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. மகன் தந்தைக்குச் சாட்சி சொன்னால் யார் ஒப்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர் எண்ணிக்கையும் வரைபடமும் தந்தார். வெறும் பாசத்தை மட்டும் அனுப்பவில்லை.

இன்று நமக்குத் தெரிந்த ஓர் எண்ணைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்கலாம். அப்போது யாருக்கும் நெபுலாவின் தூரம் தெரியாது. இன்று அது ஏறத்தாழ 7500 ஒளியாண்டு என்று அறிவோம். அந்தத் தூரத்தில் வானத்தின் ஒரு கலை அளவு, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, இரண்டு ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். இருபத்தைந்து ஆண்டில் முகில் அவ்வளவு நகர வேண்டுமானால் நொடிக்கு இருபத்தாறாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த முகிலின் வாயுக்கள் பெரும்பாலும் நொடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் வேகத்திலேயே நகர்கின்றன. ஆகவே அபாட் கூறியபடி முகில் இடம் மாறியிருக்க முடியாது.

அப்படியானால் அபாட் கண்டது என்ன? அவரை முட்டாள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1837 டிசம்பர் 16 அன்று ஹெர்ஷலே ஈட்டா விண்மீன் திடீரெனப் பிரகாசம் கூடியிருப்பதைக் கண்டு திகைத்தார். 1843இல் அது சிரியஸ் ஒன்றைத் தவிர வானத்து விண்மீன்கள் எல்லாவற்றையும் மிஞ்சி எரிந்தது. பிறகு படிப்படியாக மங்கி, 1860களில் வெறுங்கண்ணுக்கு எட்டாத நிலையை நெருங்கியது. ஹெர்ஷல் வரைந்தபோது நடுவில் ஒரு முதல்தர விண்மீன் கூசும் ஒளியோடு நின்றது. அபாட் பார்த்தபோது அந்த விளக்கு ஏறக்குறைய அணைந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றிப் பனி தெரிவதும், விளக்கை அணைத்தால் அந்தப் பனி காணாமற் போவதும் நாம் காணாததா? முகில் அங்கேயே இருந்தது. அதைப் பார்க்கும் நிலைமை மாறிவிட்டது. இது என் கருத்து. ஆயினும் ஒளி மாறியது என்பதற்கு வலுவான சான்று உண்டு. 1840களில் வெளியான அந்தப் பெரும் ஒளி, சுற்றியுள்ள தூசில் பட்டு எதிரொலித்துச் சுற்று வழியாக நம்மை வந்தடைந்ததை, சிலியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு வானியலார் கண்டுபிடித்து 2012இல் வெளியிட்டனர். நூற்றெழுபது ஆண்டுகள் பிந்தி வந்த ஒளி! அதன் நிறமாலையையும் பதிவு செய்ய முடிந்தது. ஹெர்ஷலிடம் அன்று நிறமாலைநோக்கி இருந்திருந்தால் எதைப் பார்த்திருப்பாரோ, அதன் ஒரு பகுதியை நாம் இன்று பார்க்கிறோம்.

இவ்வளவு சச்சரவும் ஹெர்ஷலின் படத்தில் ஒரு சிறு வசதி இருந்திருந்தால் குறைந்திருக்கும் என்பது என் துணிபு. 'இது தெளிவு, இது ஐயம்' என்று இரண்டு வகைக் கோடுகள் போட்டிருக்கலாம். அல்லது பெரிய படத்தின் பக்கத்தில், சிறு தொலைநோக்கியில் ஒரே இரவில் தெரிந்ததை ஒரு சிறிய படமாகச் சேர்த்திருக்கலாம். அவரிடம் ஐந்து அங்குல வில்லைத் தொலைநோக்கியும் இருந்ததே! அபாட் போன்றவர்கள் அந்தச் சிறிய படத்தோடு தம் காட்சியை ஒப்பிட்டிருப்பார்கள். தம்மைப் போன்ற கருவியும் தம்மைப் போன்ற பொறுமையும் உள்ளவர்களுக்கே ஹெர்ஷல் படம் வரைந்தார். அப்படிப்பட்டவர் அன்று உலகில் எத்தனை பேர்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒளிப்படத் தகட்டை நிலைப்படுத்த இருட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் ஹைப்போவின் தன்மையை 1819இலேயே கண்டறிந்தவர் இதே ஹெர்ஷல். கையால் வரையும் கலையை நெபுலா ஆராய்ச்சியிலிருந்து விரட்டிய கருவிக்கு அவரே ஒரு சாவியைச் செய்து கொடுத்தார். 1880இல் ஹென்றி டிரேப்பர் ஒரையன் நெபுலாவை ஒளிப்படம் எடுத்தார். 1890களில் ஈட்டா நெபுலாவும் தகட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் இப்படிப்பட்ட வழக்குகளில் கையால் வரைந்த படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. அது சரியே. அளவெடுக்கத் தகடு சிறந்தது. ஆனால் அதோடு சேர்ந்து, பார்ப்பவனுக்கு வழிகாட்டும் படங்களும் அச்சிலிருந்து மறைந்துபோனதுதான் இழப்பு. இன்று நம் மொழியில் வெளிவரும் வானியல் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். கரீனா என்றால் செக்கச்சிவந்த படம். லகூன் நெபுலா என்றால் ரோஜா நிறம். லகூன் நெபுலா தனுசு ராசியில், நம் ஊரில் ஆடி மாத இரவில் தெற்கு வானில் நல்ல உயரத்துக்கு வரும். கரீனாவைவிடப் பார்ப்பது எளிது. ஆனால் பைனாகுலரில் அது எப்படித் தெரியும் என்று ஒரு பென்சில் படம் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

மறு அமாவாசைக்கு என் மருமகனை மீண்டும் அழைத்துச் சென்றேன். இந்தத் தடவை படம் எதையும் காட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். "முகிலை விடு. முதலில் நட்சத்திரங்களைப் போடு" என்றேன். அரைமணி நேரம் வாய் பேசாமல் இருந்தான். ஒன்பது புள்ளிகள் போட்டான். பிறகு விரலால் தேய்த்துத் தேய்த்து முகிலை ஏற்றினான். நேராகப் பார்த்தால் மறைகிறது, பக்கத்தில் பார்த்தால் வருகிறது என்று தானாகவே கண்டுகொண்டான். ஈட்டாவின் அருகே ஓரிடத்தைத் தேய்க்காமல் விட்டிருந்தான். ஆப்பு வடிவில் இருள் உள்ளே நுழைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஹெர்ஷலின் பிரதியைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பதில் எட்டு விண்மீன்களை அவர் படத்தில் அடையாளம் காண முடிந்தது. இருளின் ஆப்பும் அதே இடத்தில் இருந்தது. ஒன்பதாவது புள்ளி மட்டும் பொருந்தவில்லை. தவறாகப் போட்டுவிட்டாய் என்றேன். "இல்லை மாமா, நான் பார்த்தேன்" என்றான். அடுத்த சித்திரைக்குப் பார்த்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.